வெயிலைவிடப் புழுக்கத்துக்கு அஞ்சுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவன் என்ற முறையில், கோடைக்காலப் பந்தயங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் பயிற்சியளித்தவர்களில் வெயிலுக்கு அஞ்சியவர்கள் பலர். அஞ்ச வேண்டியது புழுக்கத்துக்கு என்று அறிந்திருந்தவர்கள் மிகச் சிலரே.

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே மாறுகிறது. கோடையில் அதை வெளியேற்ற உடலுக்கு உள்ள பெரிய வழி வியர்வைதான். ஆனால் வியர்த்தால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது; அந்த வியர்வை தோலின்மேல் உலர வேண்டும். குளித்த ஈரத்தோடு காற்றில் நின்றால் உடம்பு சிலிர்க்கிறதே, அதே கணக்குத்தான் இது. காற்றில் ஈரம் மிகுந்த நாளிலோ வியர்வை உலர வழியின்றி மோவாயிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சொட்டுகிறது. அப்படிச் சொட்டும் வியர்வை உடலின் நீரைக் கொண்டுபோகிறதே தவிர, வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை.

2019ஆம் ஆண்டு தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், வெயிலைத் தவிர்ப்பதற்காகவே பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். வெப்பம் 32 டிகிரிக்கு மேல். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியிலேயே விலகினார்கள். சூரியனே இல்லாத நேரத்தில் இது நடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். மறுபுறம், அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கும் பேட்வாட்டர் பந்தயத்தில், வெப்பம் 50 டிகிரியை நெருங்கும் வறண்ட காற்றில், 217 கிலோமீட்டர் தூரத்தைப் பெரும்பாலோர் கடந்துவிடுகிறார்கள். வேகமும் முறையும் வேறான இந்த இரண்டையும் சரிநிகராக வைக்க முடியாதுதான். ஆயினும், வறண்ட காற்று வியர்வையை உலர்த்துகிறது என்பதை அந்தப் பாலைவனச் சாலை நன்றாகவே காட்டுகிறது.

என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1984 ஆகஸ்ட் 5 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் முதன்முறையாக நடைபெற்றது. சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ், 39 வயதினர், கடைசித் தண்ணீர் நிலையைத் தவறவிட்டவர், அரங்கத்துக்குள் நுழைந்தபோது நேராக நிற்கக்கூட இயலவில்லை. உடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஒரு கை செயலற்றுத் தொங்கியது, கால் இழுபட்டது. மருத்துவர்கள் அருகே ஓடினார்கள். யாரேனும் தொட்டால் தகுதி பறிபோகும் என்பதால் அவர் விலகி விலகி நடந்தார். அப்போது மருத்துவர்கள் கவனித்தது அவருடைய தோலை. அவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது! உடலின் குளிர்விக்கும் ஏற்பாடு இன்னும் செயல்படுகிறது என்று கொண்டு, அவரைத் தொடர விட்டார்கள். கடைசி 400 மீட்டரைக் கடக்க ஐந்தரை நிமிடத்துக்கும் மேல் ஆனது. 37ஆவதாகக் கோட்டைக் கடந்து மருத்துவர்களின் கைகளில் சரிந்தவர், சில மணி நேரத்தில் தேறிவிட்டார். ஆனால் வியர்வை இருக்கிறது, ஆகவே ஆபத்தில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஓட்டக்காரர்களுக்கு வரும் வெப்பத்தாக்கில் பெரும்பாலும் உடம்பு நனைந்தே இருக்கும். பேச்சு குழறுவதும் நடை தள்ளாடுவதுமே நம்பத்தக்க எச்சரிக்கைகள்.

உடலை வெப்பத்துக்குப் பழக்கப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அந்நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது. அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. பழக்கமில்லாமல் பந்தயத்தன்று மட்டும் வேகத்தைக் காட்ட நினைப்பவர்களை நான் ஓட விடுவதில்லை.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். தாகத்துக்கு மேல் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வெப்பத்தாக்கால் ஒருவர் விழுந்தால், மருத்துவ வண்டியை உடனே அழையுங்கள். அது வரும்வரை காத்திருக்காமல், பனிக்கட்டி இட்ட நீர்த்தொட்டியில், தலையைத் தாங்கிப் பிடித்தபடி, அவரைக் கழுத்துவரை அமிழ்த்தி வையுங்கள். தொட்டி இல்லையென்றால் உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நன்றி, வணக்கம்.