கருநீலத் தேன்சிட்டு எங்கே போனது?

வணக்கம். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு நேயர் மூன்று சந்தேகங்களைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். கோடையில் அவர் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் கண்ணாடியைக் கருநீலமாக மின்னும் ஒரு சின்னஞ்சிறு பறவை நாள் தவறாமல் வந்து கொத்தியதாம். ஐப்பசி பிறந்தபின் அதைக் காணவில்லை. அதற்குப் பதிலாக, அடிப்பக்கம் மஞ்சளாகவும் தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு இழுத்தது போலவும் உள்ள வேறொரு பறவை செம்பருத்திக்கு வருகிறது என்கிறார். முதலில் வந்தது ஹம்மிங் பறவையா, இப்போது வருவது எது, சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் பழைய பறவை திரும்புமா என்பவை அவருடைய கேள்விகள்.

பழைய பறவை எங்கும் போகவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே இனம். ஒரே பறவையாகவும் இருக்கக்கூடும். அது ஊதாத் தேன்சிட்டின் ஆண். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இந்த ஆண் தன் மின்னும் இறகுகளை உதிர்த்துவிட்டு, ஏறக்குறைய பெண்ணைப் போன்ற மங்கிய உடைக்கு மாறிவிடுகிறது. மேலே பழுப்பு, கீழே மஞ்சள் என்று இருந்தாலும், நெஞ்சின் நடுவே ஓடும் அந்தக் கருங்கோடு அதை ஆண் என்று காட்டிக் கொடுத்துவிடும். பெண்ணுக்கு அந்தக் கோடு கிடையாது. சில மாதங்கள் கழித்து அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருநீல இறகுகள் முளைத்து, பறவை திட்டுத்திட்டாக, பார்க்கச் சற்றே பரிதாபமாக இருக்கும். நம் ஊர்களில் இதே அளவு சாதாரணமாகக் காணப்படும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆண் இப்படி உடை மாற்றுவதில்லை. அதனால்தான் ஒரே தோட்டத்தில் இரண்டு இனங்களும் வரும்போது குழப்பம் வருகிறது.

அந்தக் கருநீலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது சாயம் போல இறகில் ஊறிய நீலம் அன்று. இறகின் நுண்ணிழைகளுக்குள் மிக மெல்லிய கருநிறமித் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்க, அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியே நமக்கு நீலமாகவும் ஊதாவாகவும் சில கோணங்களில் பச்சையாகவும் தெரிகிறது. அதே பறவை நிழலில் அமர்ந்தால் வெறும் கறுப்பாகத்தான் இருக்கும்.

கண்ணாடியைக் கொத்தியதற்குக் காரணம் அழகில் மயங்கியது அன்று, கோபம். கூடு கட்டும் காலத்தில் ஆண் தன் எல்லைக்குள் இன்னோர் ஆணைப் பொறுத்துக்கொள்ளாது. கண்ணாடியில் தெரிவது தன் உருவம் என்று அதற்குத் தெரியாததால், எத்தனை முறை தாக்கினாலும் ஓடாத ஓர் எதிரியோடு அது மணிக்கணக்கில் சண்டையிடுகிறது. அப்போது உற்றுப் பார்த்தால், தோளருகே ஒளித்துவைத்திருக்கும் மஞ்சளும் சிவப்புமான இறகுக் கொத்து வெளியே விரிவதைக் காணலாம். 10 கிராம்கூட எடை இல்லாத உடலுக்கு இது வீண் செலவு. அடுத்த பருவத்தில் கண்ணாடிக்கு ஒரு பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள். எதிரி மறைந்ததும் சண்டையும் நின்றுவிடும்.

இது ஹம்மிங் பறவை அன்று. ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. தேன்சிட்டுகள் ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கின்றன. நீண்ட மெல்லிய அலகு, குழல் போல் சுருண்டு நுனியில் பிளந்த நாக்கு, மின்னும் இறகு என்று இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை உறவால் வந்ததன்று. ஒரே தொழிலைச் செய்வதால் வந்தது. தேன்சிட்டுக்கு நெருங்கிய உறவு நம் ஊர்ப் பூக்கொத்திதான். ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். தேன்சிட்டும் சில நொடிகள் அப்படி நிற்கும் என்றாலும், காம்பைப் பற்றி உட்கார்ந்து, தேவைப்பட்டால் தலைகீழாகத் தொங்கிக் குடிப்பதே அதன் வழக்கம். கல்யாண முருங்கை பூத்திருக்கும்போது ஒரு கால் மணி நேரம் மரத்தடியில் நின்றால் இந்த வித்தைகள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். உங்கள் செம்பருத்தியில் மட்டும் அது கொஞ்சம் திருட்டு வேலை செய்யும்: வாய் வழியாக எட்டாத தேனைப் பூவின் அடியில் துளையிட்டு எடுத்துவிட்டு, மகரந்தத்தைத் தொடாமலே போய்விடும். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதைக் கேட்டிருக்கிறோம். இது வேலை செய்யாமல் கூலி வாங்குவது.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம் என்பதே என் கருத்து. நம் வெயிலில் அது சீக்கிரமே புளிக்கத் தொடங்கும். பாத்திரத்தை நாள்தோறும் கழுவாவிட்டால் பூஞ்சையும் சேரும். மேலும், தேன்சிட்டு தேனை மட்டும் உண்டு வாழும் பறவை அன்று. தேனில் இனிப்பு உண்டு, உடல் வளர்க்கும் புரதம் அதில் அநேகமாக இல்லை. ஆகவே குஞ்சுகளுக்குச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும்தான் பிடித்துவந்து ஊட்டுகின்றன. நீங்கள் செய்யக்கூடியது, ஒரு முருங்கையும் இரண்டு இட்லிப்பூச் செடியும் வைத்து, அவற்றில் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது.

சிலந்தியால் இன்னொரு பயனும் உண்டு. பெண் தேன்சிட்டு நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு, புழுக்களின் எச்சம் வரை பொறுக்கிவந்து, அவற்றையெல்லாம் சிலந்தி நூலால் பிணைத்து, பக்கவாட்டில் வாசலும் வாசலுக்கு மேல் ஒரு சிறு தாழ்வாரமும் வைத்து, ஒரு தொங்கும் பை போலக் கூட்டைக் கட்டுகிறது. காற்றில் ஆடும் குப்பை என்று எண்ணிப் பலர் அதைப் பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். துணிக்கொடியிலோ மின்கம்பியிலோ அப்படி ஒன்று தொங்கினால், குஞ்சுகள் பறந்து போகும் வரை துணியை வேறு இடத்தில் உலர்த்துங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போதும் வெளிக்கூரையின் மூலைகளில் இரண்டு மூன்று சிலந்தி வலைகளை விட்டுவையுங்கள். ஒட்டடை அடிக்காததற்கு வீட்டில் சொல்ல ஒரு காரணமும் ஆயிற்று.