கதவைத் தட்டத் தெரிந்தவர்கள்

அனைவருக்கும் வணக்கம். சமூகப்பணி படிக்கிற மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

அமெரிக்காவில் குடியேறிய லத்தினோ மக்களுக்கு, அதாவது மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு, மருத்துவம் செய்ய, ஸ்பானிய மொழியில் ஒரு பலகை மாட்டினால் போதும் என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். போதாது. மெக்சிகோ மக்கள் எம்பாச்சோ என்று ஒரு நோயைச் சொல்வார்கள். சாப்பிட்டது வயிற்றில் ஒட்டிக்கொண்டு செரிக்காமல் கிடக்கிறது என்பது நம்பிக்கை. பெரும்பாலும் வயிற்றை நீவிவிட்டு, மூலிகைத் தண்ணீர் கொடுப்பார்கள். அதோடு நின்றால் கவலையில்லை. சில வீடுகளில் கிரேத்தா என்ற மஞ்சள் பொடியையோ, அசர்கோன் என்ற ஆரஞ்சுப் பொடியையோ குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்கள். இவற்றில் 90 சதவீதம் வரைகூட ஈயம் இருக்கும். ஈயம் உடம்பில் ஏறினால் வயிற்றுவலி வரும். வலி நிற்கவில்லையே என்று இன்னொரு சிட்டிகை கொடுப்பார்கள்!

"நாட்டு மருந்து எதுவும் கொடுக்கலையே?" என்று மருத்துவர் அதட்டிக் கேட்டால், "இல்லை" என்றுதான் தாய் சொல்வாள். அதே தெருவில் குடியிருக்கும் ஒருத்தி அடுப்படியில் உட்கார்ந்து, "எம்பாச்சோவுக்கு உங்க ஊர்ல என்ன கொடுப்பீங்க?" என்று கேட்டால் பொட்டலமே வெளியே வரும். அப்படிக் கேட்கத் தெரிந்த, அந்தச் சமூகத்திலிருந்தே வரும் சுகாதாரப் பணியாளர்களான பெண்களைத்தான் புரொமோதோரா என்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த மக்களுக்கான மருத்துவமனையில் முதலில் நியமிக்க வேண்டியது இவர்களை.

மொழி விஷயத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் ஸ்ட்ராபெரி பறிக்கிறவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்து வந்த மிஸ்தெக் பூர்வகுடிகள். அவர்களில் பலருக்கு ஸ்பானியமே அந்நிய மொழி. ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எப்படிச் சொல்வது? பல குடும்பங்களில் பள்ளிக்கூடம் போகிற மகள்தான் அம்மாவின் கர்ப்பப்பைக் கோளாறை மருத்துவருக்கு எடுத்துச் சொல்கிறாள். அவசர நிலை தவிர, சிறுவர்களை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2016-இல்தான் மத்திய அரசின் விதி தெளிவாகச் சொன்னது.

அப்புறம் பயம். அரசு உதவி பெற்றால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் என்ற விதியை 2019-இல் விரிவாக்கினார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த, எல்லா உரிமையும் உள்ள பிள்ளைகளைக்கூட மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து பெற்றோர் விலக்கிக்கொண்டார்கள். 2021-இல் அந்த விதி போனது, பயம் போகவில்லை. சுற்றறிக்கையை யார் நம்புவார்கள்? நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிற இடத்துக்குச் சேவை போக வேண்டும். மெக்சிகோ அரசு 2003-இல் தொடங்கிய 'சுகாதார ஜன்னல்' திட்டம் அதைத்தான் செய்கிறது. பாஸ்போர்ட்டுக்காக அமெரிக்காவில் உள்ள மெக்சிகோ தூதரகத்துக்கு வருகிறவர், காத்திருக்கும் நேரத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சம்பளம். புரொமோதோராக்களை நன்கொடைப் பணத்தில் வேலைக்கு எடுப்பது பழைய வழக்கம். நன்கொடை தீர்ந்ததும் வேலையும் போகும். அவர் பழகி வைத்திருந்த வீடுகளோடு மருத்துவமனைக்கு இருந்த தொடர்பும் அறுந்துபோகும். 2022 ஜூலையில் கலிஃபோர்னியா இவர்களின் வேலையை மெடி-கால் காப்பீட்டில், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அந்த மாநிலத்தின் அரசு மருத்துவக் காப்பீட்டில், சேர்த்தது. சட்டத்தில் வழி வந்துவிட்டது. அந்தப் பணம் சின்னச் சின்ன அமைப்புகளுக்குச் சிரமமில்லாமல் போய்ச் சேருகிறதா, வீட்டுக் கதவைத் தட்டுகிற புரொமோதோரா கைக்கு மாதச் சம்பளமாக வருகிறதா என்பதை நீங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.