‘கனமழை’ எங்கே தொடங்குகிறது?

[திரையில்: இரவுச் செய்தி. பின்னால் தமிழ்நாட்டு வரைபடம்.]

“தமிழகத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்.”

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வரி காதில் விழாத வீடு இருக்காது. மறுநாள் மொட்டை மாடியில் துணி மொடமொடவென்று காய்ந்து கிடக்கும். ‘இவங்க மழைன்னு சொன்னா வெயில்தான்’ என்று யாராவது சிரிப்பார்கள்.

சரி, சிரிப்பதற்கு முன்னால் அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

‘ஓரிரு இடங்கள்’ என்றால் நமக்கு ஒன்றோ இரண்டோ ஊர். வானிலைத் துறைக்கு அது, அந்தப் பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. ‘ஒருசில இடங்கள்’ என்றால் 26 முதல் 50 சதவீதம். பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அறிக்கையில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. ஆக, முக்கால்வாசி நிலையங்களில் சொட்டு விழாவிட்டாலும் அந்தக் கணிப்பு பலித்ததாகத்தான் கணக்கு. உங்கள் மாடி அந்த முக்கால்வாசியில் இருந்திருக்கும்.

[திரையில்: மழைமானி, மிக அருகில். நீர்மட்டம் மெல்ல ஏறுகிறது.]

அப்புறம் ‘கனமழை’. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் கனமழை. 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. 64.4 பெய்தால்? அது ‘மிதமான மழை’!

இந்த 64.5 எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 14,000 லிட்டருக்கு மேல் வரும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை மனைக்குள் காலி செய்துவிட்டு, மேலே இன்னும் 2,000 லிட்டர் ஊற்றிய மாதிரி.

[திரையில்: கடிகாரம், காலை 8:30.]

எனக்குப் பிடித்த சிக்கல் இதுதான். அந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதில்லை; காலை 8:30-க்குத் தொடங்கி மறுநாள் 8:30-க்கு முடிகிறது. விடியற்காலையிலிருந்து 8:30 வரை 4 சென்டிமீட்டர், அதன்பின் மதியம் வரை இன்னொரு 4 சென்டிமீட்டர் கொட்டுகிறது என்று வையுங்கள். வாசலில் முழங்கால் தண்ணீர். பதிவேட்டிலோ இரண்டு நாள் ‘மிதமான மழை’. இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஓர் ஊர் மழையை இன்னோர் ஊர் மழையோடு ஒப்பிட முடியும்.

மானாவாரி விவசாயியின் அளவு வேறு. ‘ஒரு உழவு மழை’ என்பார். மண் ஏர் ஓட்டும் பதத்துக்கு நனைந்ததா என்பதுதான் அவர் கேள்வி. மில்லிமீட்டர் அதற்குள் வரவே வராது. கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் அந்த அளவு ஒன்றாகவும் இருக்காது.

[திரையில்: 2015 டிசம்பர், தாம்பரம்.]

எண் வைத்த சொல்லிலும் ஓர் ஓட்டை உண்டு. 2015 டிசம்பர் 2 காலை 8:30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அதற்குப் பெயர் அதி கனமழை. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் அதே பெயர்தான். அதற்கு மேல் பட்டியலில் வேறு சொல் இல்லை.