141 கோல் வாங்கியவர்கள் பக்கம்

(தலைப்பு: இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் ஆரம்பகால இரண்டாம் பிரிவில் பெரிதும் மதிக்கத்தக்கது எது? தோல்வியே காணாத லிவர்பூலின் 1893-94 பருவமா, தோற்றுக்கொண்டே இருந்த டார்வெனின் 1898-99 பருவமா? 'டார்வெனே' என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

நடுவர் அவர்களுக்கும், ஜெயித்துவிட்ட முகத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும், இன்னும் எழுந்து போகாத சபையோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா லிவர்பூலின் கணக்கை அடுக்கிவிட்டுப் போனார்கள். 28 ஆட்டம், 22 வெற்றி, 6 டிரா, தோல்வி சைபர். அடித்தது 77 கோல், வாங்கியது 18. நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன் ஐயா, நல்லதுக்குத் தட்டாமல் இருக்க முடியுமா? இப்போது என் கட்சிக்காரரின் கணக்கைப் படிக்கிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். 34 ஆட்டம். வெற்றி 2. டிரா 5. தோல்வி 27. அதிலே தொடர்ச்சியாக 18 தோல்வி. அடித்தது 22 கோல். வாங்கியது 141.

சிரித்தாச்சா? சரி, வழக்குக்கு வருவோம்.

டார்வென் எங்கே இருக்கிறது என்று எதிரணி ஐயா நக்கலாகக் கேட்டார். லங்காஷயரில் பிளாக்பர்னை ஒட்டி இருக்கிற பஞ்சாலை ஊர். இந்தியா மில் என்று ஒரு ஆலை, 300 அடிக்கு மேலே ஒரு புகைபோக்கி. வட்டமேசை மாநாட்டுக்காக 1931-இல் லண்டன் போன காந்தியடிகள், நம் அந்நியத்துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களைப் பார்க்க வந்து தங்கிய ஊர் அது. ஆக, நமக்கு அவ்வளவு அந்நியமான ஊர் இல்லை.

கால்பந்திலும் அது லேசுப்பட்ட ஊர் இல்லை. 1879-இல் எஃப்.ஏ. கோப்பை காலிறுதி. எதிரே ஓல்ட் ஈட்டனியன்ஸ், பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள். 5-1 என்று பின்தங்கிக் கிடந்த ஆலை ஊர் அணி கடைசி நேரத்தில் விரட்டி 5-5 ஆக்கியது. கூடுதல் நேரம் ஆடலாம் என்றதற்குப் பிரபுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, மறுபடி லண்டனுக்கு வா என்றார்கள். ரயில் செலவுக்கு ஊரே காசு திரட்டியது. இரண்டாவது ஆட்டம் 2-2. மூன்றாவது முறையும் போனார்கள், 6-2 என்று தோற்றார்கள். கோப்பையை அந்த வருஷம் ஈட்டனியன்ஸ்தான் தூக்கினார்கள். அந்த டார்வென் அணியில் ஃபெர்கஸ் சூட்டர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கல்தச்சர். இங்கிலாந்துக் கல் ரொம்பக் கடினம் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டாராம். வேலை போனது, சாப்பாட்டுக்கு மட்டும் குறைவே வரவில்லை! ஆட்டத்துக்குக் காசு வாங்குவது அன்றைக்குக் குற்றம். அது சட்டப்படி சரியானது 1885-இல்தான். சூட்டர் 1880-இல் பக்கத்தில் இருக்கிற பிளாக்பர்ன் ரோவர்ஸுக்குப் போய்விட்டார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே, பின்னால் தேவைப்படும்.

இப்போது லீக் என்ற ஏற்பாடு ஏன் வந்தது என்று பார்ப்போம். எதிரணி மொத்தமும் இதைத் தொடவே இல்லை. அதற்கு முன்னால் கிளப்புகள் நட்பு ஆட்டம் பேசி வைத்துக்கொள்ளும். சனிக்கிழமை மதியம் ஜனம் கூடி நிற்கும். எதிரணி, 'எங்களுக்குக் கோப்பை ஆட்டம் வந்துவிட்டது, வரமாட்டோம்' என்று தகவல் அனுப்பும். டிக்கெட் காசு போச்சு, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் மட்டும் கொடுத்தாக வேண்டும். இதைப் பார்த்து நொந்துபோய்த்தான் பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரெகர், ஆஸ்டன் வில்லாக்காரர், 1888 மார்ச் 2-ஆம் தேதி மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது ஒன்றுதான்: பெரிய கிளப்புகள் பத்துப் பன்னிரண்டு சேருவோம், உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று என்று தேதி போட்டுக்கொள்வோம், போட்ட தேதிக்கு ஆடுவோம். லீக்கின் ஆதாரம் அந்தச் சொல் தவறாமை. பட்டமும் புள்ளிப் பட்டியலும் அதற்கு மேலே வந்தவை.

இந்த அளவுகோலை வைத்து இரண்டு பருவத்தையும் அளந்து பாருங்கள்.

லிவர்பூல் எப்படி உள்ளே வந்தது? ஆன்ஃபீல்ட் மைதானம் ஜான் ஹோல்டிங் என்ற பீர் ஆலை முதலாளியின் பிடியில் இருந்தது. வாடகைத் தகராறில் எவர்ட்டன் 1892-இல் வெளியேறியது. மைதானம் கையில், அணி இல்லை. உடனே ஒரு அணியை உண்டாக்கினார். ஜான் மெக்கென்னா ஸ்காட்லாந்துக்குப் போய் ஆட்களைப் பிடித்து வந்தார். அடுத்த வருஷமே இரண்டாம் பிரிவில் இடம். அந்த இடம் எப்படிக் காலியானது? பூட்டில் என்ற கிளப் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்று விலகிக்கொண்டது. அதே 1893-இல் ஆக்ரிங்டனும் விலகியது. லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்று ஐயா அது! முதல் பிரிவிலிருந்து இறங்க வேண்டி வந்ததும், இரண்டாம் பிரிவில் ஆடமாட்டேன் என்று போய்விட்டது.

லிவர்பூல் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது ஆடிய ஆட்டம் சுத்தமான ஆட்டம். 1894 ஏப்ரலில் ஈவுட் பார்க்கில் தகுதி ஆட்டம், அதாவது முதல் பிரிவின் கடைசி அணிகளும் இரண்டாம் பிரிவின் முன்னணி அணிகளும் முதல் பிரிவு இடத்துக்காக மோதுகிற ஆட்டம். அதில் நியூட்டன் ஹீத்தை 2-0 என்று வென்று மேலே போனது. இன்றைய மான்செஸ்டர் யுனைடெட்தான் அந்த நியூட்டன் ஹீத். அம்மா இதுவரைக்கும் சொன்னார்கள், நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷத்தை நான் சொல்லட்டுமா? முதல் பிரிவில் 30 ஆட்டம், 7 வெற்றி, 16 அணியில் 16-ஆவது இடம். தகுதி ஆட்டத்தில் பரி அணியிடம் 1-0 தோல்வி. போன வழியே திரும்பி வந்தது. 28 ஆட்டத்தில் தோற்காத பெருமை எதிரே நின்றவர்களைப் பொறுத்தது என்று இதிலே தெரிகிறதா இல்லையா? 1893-94 பருவத்தின் முதல் ஆட்டத்தில் லிவர்பூலிடம் 2-0 என்று தோற்ற மிடில்ஸ்பரோ அயர்னோபோலிஸ் அந்த ஒரு பருவத்தோடு மூடியே போய்விட்டது. நார்த்விச் விக்டோரியா மூன்றே ஆட்டம் ஜெயித்து, கடைசியாக வந்து, வெளியேறியது. இவர்களும் தேதி தவறாமல் வந்து நின்றதால்தானே ஐயா உங்கள் 22 வெற்றி?

இனி டார்வென். 1898-99 பருவத்தில் 34 ஆட்டம் ஏன்? முந்தைய வருஷம் 30 தானே? இதிலே ஒரு கூத்து இருக்கிறது. 1898 ஏப்ரல் 30, ஸ்டோக்கும் பர்ன்லியும் மோதுகிற தகுதி ஆட்டம். டிரா ஆனால் புள்ளிக் கணக்கில் இரண்டு பேருமே முதல் பிரிவு. கேட்கவா வேண்டும்? கோல் பக்கம் யாரும் போகவில்லை. பந்தைச் சும்மா அங்கேயும் இங்கேயும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த ஜனம் கடுப்பாகி, கூட்டத்துக்குள் வந்த பந்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது. வேறு பந்து, மறுபடி வேறு பந்து. 0-0. இந்த அசிங்கத்துக்குப் பிறகு லீக் தகுதி ஆட்டத்தையே ஒழித்தது, பிரிவுக்கு 18 அணி ஆக்கியது. அதில் கீழே விழ வேண்டிய பிளாக்பர்ன் ரோவர்ஸ், நம்ம டார்வெனின் பக்கத்து வீட்டுக்காரர், ஓட்டுப் போட்டு முதல் பிரிவிலேயே வைக்கப்பட்டார். டார்வெனுக்குக் கிடைத்தது கூடுதலாக நாலு ஆட்டம். ஜெயிக்கத் தெரிந்த இரண்டு கிளப் ஆடாமல் ஏமாற்றியது. ஜெயிக்க வழியே இல்லாத கிளப் அந்த நாலையும் சேர்த்து ஆடி முடித்தது.

வழி ஏன் இல்லை? சூட்டரைக் குறித்து வைக்கச் சொன்னேனே, அதுதான் காரணம். நல்ல ஆட்டக்காரன் யாரும் சின்ன ஊரில் தங்கமாட்டான். ரோவர்ஸின் ஈவுட் பார்க் டார்வெனிலிருந்து பிளாக்பர்ன் போகிற சாலையிலேயே இருக்கிறது. சனிக்கிழமை மில் விட்டதும் கையில் கொஞ்சம் காசு உள்ளவன் முதல் பிரிவு ஆட்டம் பார்ப்பானா, 18-ஆவது தோல்வி பார்ப்பானா? கேட் காசு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாவிட்டால் ஆள் இல்லை. அதே பிரிவில் நியூ பிரைட்டன் டவர் என்று ஒரு அணி. கடற்கரையில் கோபுரம் கட்டிக் கேளிக்கை நடத்திய கம்பெனி, குளிர்காலத்திலும் கூட்டம் வரட்டும் என்று பணத்தைக் கொட்டி உருவாக்கியது. 1901-இல் வரவு போதவில்லை என்று கடையைக் கட்டிவிட்டார்கள்.

தோல்வியைக் கிட்டே போய்ப் பார்த்தீர்களா? பிப்ரவரி 18, மான்செஸ்டர் சிட்டியிடம் 10-0. அந்தப் பருவத்தில் பட்டம் வென்ற அணி அது, பில்லி மெரிடித் என்ற பேர்போன ஆட்டக்காரர் ஆடிய அணி. மார்ச் 4, வால்சாலிடம் 10-0. இந்த வால்சாலைத்தான் 1896 டிசம்பர் 26-ஆம் தேதி டார்வென் 12-0 என்று அடித்திருந்தது. 1898-99 பருவத்திலேயே லஃப்பரோவிடமும் 10-0. அன்றைக்கு மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே கிடையாது. ஒருவனுக்குக் கணுக்கால் போனால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், அல்லது பத்துப் பேரோடு ஆட வேண்டும். பந்து தோல் பந்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது, மழையில் ஊறினால் கனக்கும். ஆறு கோல் வாங்கியாச்சு, இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. கோல்கீப்பர் வலையிலிருந்து பந்தை எடுத்து நடுவட்டத்துக்கு அனுப்புகிறார், மறுபடி ஆட்டம் தொடங்குகிறது. புள்ளி வராது, பட்டம் வராது, அவனவன் ஏன் ஆடுகிறான் என்று எதிரணி யோசித்ததா?

எதிரணி மறைத்த கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. 141 கோல், 141 கோல் என்று நூறு தரம் சொன்னார்கள். பிரித்துச் சொன்னார்களா? வெளியூரில் 17 ஆட்டம், பதினேழும் தோல்வி, வாங்கியது 109. சொந்த ஊரில் 17 ஆட்டம், வாங்கியது 32. ஆட்டத்துக்கு இரண்டு கோல்கூட இல்லை ஐயா! அந்த 2 வெற்றி, 5 டிரா, ஏழும் சொந்த மண்ணில்தான். இது ஆடத் தெரியாத அணியின் கணக்கா? கிரிம்ஸ்பி, லிங்கன், லூட்டன், லண்டனுக்கு அந்தப் பக்கம் வுல்விச் ஆர்சனல் என்று, அடி விழும் என்று தெரிந்தே ரயிலேறிப் போன அணியின் கணக்கு. ஒரு தடவையாவது தந்தி அடித்து 'வரவில்லை' என்று சொல்லியிருந்தால் அந்த 109-இல் பத்தாவது குறைந்திருக்கும்.

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு. பருவம் முடிந்ததும் டார்வென் மறுதேர்தலுக்கு நிற்காமல் ஓடிவிட்டது என்றார் எதிரணித் தலைவர். கடைசி மூன்று அணிகள் மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்டுத்தான் லீக்கில் நீடிக்க முடியும், அதுதான் விதி. டார்வென் கேட்கவில்லை, உண்மை. 34 ஆட்டமும் ஆடிக் கணக்கை முடித்துவிட்டு, தன் தகுதிக்கு லங்காஷயர் லீக் போதும் என்று தானே இறங்கிப் போனது. அங்கே 1902-இல் பட்டமும் வாங்கியது. அதை ஓட்டம் என்றால், முதல் பிரிவிலிருந்து இறங்கியதுமே மூட்டை கட்டிய ஆக்ரிங்டனை என்ன சொல்வீர்கள்? ஒரே பருவத்தில் கை கழுவிய பூட்டிலை என்ன சொல்வீர்கள்? அந்தக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்த அணிதான் உங்கள் லிவர்பூல். பதிலை எதிரணித் தலைவர் இப்போதே சொன்னாலும் சரி, நடுவர் தீர்ப்பில் சொன்னாலும் சரி.

மணி அடித்தாச்சு. நன்றி, வணக்கம்.