அத்திக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

அவையோருக்கு வணக்கம். ‘ஒன்றையொன்று சார்ந்திருத்தல்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தத்துவத்துக்குள் நுழைந்தால் நீங்கள் ஊர் போய்ச் சேர நேரமாகிவிடும். ஒரே ஒரு அத்திப்பழத்தைப் பிட்டுக் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். பாவம், அந்த மரம் பூக்காமல் இல்லை. காய் என்று நாம் நினைக்கிற உருண்டைக்குள்ளேதான் பூக்கள், உட்சுவரை ஒட்டி நெருக்கமாக நிற்கின்றன. நுனியில் ஒரு பொட்டு வாசல். தேனீ நுழைய முடியாது, காற்றும் புகாது. எறும்பைவிடச் சிறிய ஒரு பெண் குளவி மட்டும் நெருக்கிக்கொண்டு நுழையும். நுழைகிறபோதே அதன் சிறகு பிய்ந்துவிடும். வந்த வழியே திரும்புவதற்கில்லை.

பிறந்த பழத்திலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கும், சில பூக்களில் முட்டையிடும், அங்கேயே சாகும். முட்டை விழுந்த பூ புழுவுக்கு உணவு, மற்றவை விதை. ஆண் குளவிகளுக்குச் சிறகே கிடையாது. இணை சேர்ந்து, சுவரைக் குடைந்து பெண்களுக்கு வழி திறந்துவிட்டு முடிந்துபோகும். ‘பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்று முகம் சுளிக்கிறோமே, அந்தச் சொத்தை இல்லாவிட்டால் நாட்டு அத்தியில் முளைக்கும் விதை ஏது?

இதை நட்பு, பாசம் என்று யாராவது உருகினால் எனக்குச் சங்கடமாக இருக்கும். இது கணக்கு. மகரந்தம் சேர்க்காமல் முட்டை மட்டும் இட்டுவிட்டுப் போன குளவி இருந்தால், சில இன அத்திகள் அந்தக் காயையே உதிர்த்துவிடும். உள்ளே இருக்கிற குஞ்சுகளும் அதோடு போகும். பனாமாவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் அடிபட்டவர்கள் கலிபோர்னியா விவசாயிகள். 1880களில் துருக்கியின் ஸ்மிர்னா அத்திக் குச்சிகளை ஆயிரக்கணக்கில் வரவழைத்து நட்டார்கள். மரம் தழைத்தது. காய் பிடித்தது, பழுக்குமுன் உதிர்ந்தது. ஏமாற்றி மட்டமான குச்சியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புலம்பல். துருக்கிக்காரர்கள் காட்டு அத்திக்காயைக் கோத்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிடுவார்கள் என்று கேள்விப்பட்டபோது, அது வெறும் மூடநம்பிக்கை என்று பலர் தள்ளிவிட்டார்கள். மரத்தைக் கொண்டுவந்தவர்கள் குளவியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள், அவ்வளவுதான். 1899இல் ஃப்ரெஸ்னோ பக்கம் குளவி நிலைகொண்டது; அதன்பிறகே பழம் உதிராமல் மரத்தில் நின்றது. கலிபோர்னியாவையும் ஸ்மிர்னாவையும் சேர்த்து ‘கலிமிர்னா’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

மூடநம்பிக்கை என்றார்களே, அந்த வேலையைத்தான் பிறகு கலிமிர்னாத் தோட்டக்காரர்களும் செய்யவேண்டி வந்தது. பருவம் வந்ததும் குளவி குடியிருக்கும் காட்டு அத்திக்காய்களைச் சிறு காகிதப் பைகளில் போட்டு, கிளை கிளையாகத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள்.