கார் ஃபேன் இனித் தானாகச் சுழலும்: நான்கு நாளைத் தின்ற ஒரே ஒரு போல்ட்

வணக்கம் மக்களே. சென்ற காணொளியில் நம் வண்டியின் முன்பக்கத்திலிருந்து நீராவி கிளம்பிக்கொண்டிருந்தபோது, நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரப்பர் மரங்களின் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பார்த்ததோடு நிற்காமல், "அண்ணா, ஃபேன் சுவிட்சைப் போடுங்கள்" என்று வரிசையாக எழுதவும் செய்தீர்கள். எஞ்சினின் சூடான நீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் ஃபேன் அது. ஒன்றரை ஆண்டாக அந்த ஃபேனை டாஷ்போர்டில் இருக்கும் ஒரு சுவிட்சைத் தட்டித்தான் ஓட்டிவந்தேன். அது மறதிக்காரன் கையில் இருக்க வேண்டிய சுவிட்ச் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் வண்டியின் கதை உங்களுக்குத் தெரியும். பழைய மாருதி 800இன் 796 சிசி எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் நானே வெல்டிங் செய்த சேஸிஸ். பதிவு எண் இல்லாததால் குலசேகரம் பக்கத்தில் இருக்கும் பாட்டாவின் (தாத்தாவின்) தோட்டத்தைத் தாண்டி அது வெளியே போனதில்லை. சாலையில் ஐம்பது அறுபதில் ஓடும் காருக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நம்முடையதோ முதல் கியரில் மேடு ஏறுகிற வண்டி. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இந்த ரப்பர்த் தோப்புக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே ஃபேன் நின்றால் வண்டியும் நின்றது என்றே பொருள்.

இந்த இடத்தில் ஒரு கோபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி சூடாகிறது என்றவுடன், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடு, பச்சைத் தண்ணீரை ஊற்று" என்று அறிவுரை சொல்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் அடைத்துவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். என் எஞ்சினில் இருப்பது 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அது இல்லையென்றால் ஆடி மழையில் எஞ்சின் உரிய சூட்டை அடையவே நேரம் பிடிக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். கூலண்ட் கலக்காத பச்சைத் தண்ணீரோ உள்ளே துருவை வளர்க்கும். குற்றம் என் மறதியில் இருக்கும்போது தெர்மோஸ்டாட்டுக்கு ஏன் தண்டனை?

எனவே 640 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை வரவழைத்தேன். ரேடியேட்டருக்குச் சூடான நீர் நுழையும் குழாயில் சென்சார். 95 டிகிரியில் ஃபேன் ஓட வேண்டும், 90இல் நிற்க வேண்டும். இரண்டு எண்ணுக்கும் இடையே ஐந்து டிகிரி விடவில்லை என்றால் ஃபேன் ஓடுவதும் நிற்பதுமாகத் தவித்துக்கொண்டிருக்கும். ஃபேனின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் கருவியைப் போடலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 80 வாட் ஃபேனுக்கு அது தேவையில்லை. கெட்டுப்போனால் நடுத்தோட்டத்தில் வைத்து என்னால் சரிசெய்யவும் முடியாது. என் கருவி ஃபேனை ஓட்டுவது ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்ச் வழியாக. அது கெட்டால் வேறொன்றைச் செருகிவிட்டுப் போய்விடலாம்.

அந்த ரிலேக்கான சாக்கெட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் அதற்கு 110 ரூபாய் சொன்னார்கள். ஐந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு 110 ரூபாயா என்று திரும்பி வந்து, மறுநாள் பேருந்தேறித் தக்கலை வழியாக நாகர்கோவில் வடசேரிக்குப் போனேன். அங்கே ஓர் அண்ணாச்சி 60 ரூபாய்க்குக் கொடுத்தார். அதே சாக்கெட், அதே தரம், 50 ரூபாய் மிச்சம்! பேருந்துக் கட்டணத்தையும் வடசேரியில் குடித்த இரண்டு தேநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு கொடுப்பது எளிது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண்ணிட்ட பின்னுக்கு, 87இலிருந்து ஃபேனுக்கு, ரிலே சுருளின் இரு முனைகளான 85உம் 86உம் கட்டுப்பாட்டுக் கருவிக்கு. பொறுங்கள், ஃபியூஸ் எவ்வளவு என்று சொல்லவில்லை. ஃபேன் ஓடும்போது ஆறு ஆம்பியர்தான் இழுக்கிறது. ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் சில மடங்கு இழுக்கும் என்பதால் 15 ஆம்பியர் போட்டிருக்கிறேன். ரிலே சுருளின் குறுக்கே ஒரு டையோடும் உண்டு. சுருள் அணையும்போது எழும் மின் உதைப்பு கருவியைத் தாக்காமல் அது காக்கும்.

எல்லாம் முடித்து எஞ்சினை ஓடவிட்டேன். 93, 94, 95. ரிலே "டக்" என்றது, ஃபேன் ஓடியது. நான் கை தட்டுவதற்குள் திரையில் 87 என்று காட்டியது. "டக்", ஃபேன் நின்றது. உடனே மறுபடியும் 95. டக், டக், டக் என்று மரங்கொத்தி போல ரிலே அடித்துக்கொள்ளத் தொடங்கியது. ஒரே நொடியில் எட்டு டிகிரி குறைவதற்கு அது என்ன ஐஸ் பெட்டியா?

மூன்று நாள் சென்சாரைச் சந்தேகித்தேன். புதிய சென்சாரும் வாங்கினேன். நான்காம் நாள்தான் மல்டிமீட்டரை எடுத்து, பேட்டரியின் மைனஸுக்கும், மின்சாரம் சேஸிஸ் வழியாக மைனஸுக்குத் திரும்பும் முன்பக்க எர்த் போல்ட்டுக்கும் இடையே வைத்துப் பார்த்தேன். ஃபேன் நிற்கும்போது பூஜ்யம், ஓடும்போது 0.16 வோல்ட். ஃபேனின் எர்த்தையும் சென்சாரின் எர்த்தையும் நான் ஒரே போல்ட்டில்தான் முடுக்கியிருந்தேன். சூடு ஏறினால் சென்சாரின் மின்தடை குறையும், அதன் மின்னழுத்தமும் இறங்கும். அதைப் பார்த்துத்தான் கருவி டிகிரியைச் சொல்கிறது. ஃபேன் ஓடியதும் போல்ட்டின் மின்னழுத்தம் சற்று உயர, சென்சார் குளிர்ந்துவிட்டதாகக் கருவி ஏமாந்துபோனது. சென்சார் பொய் சொல்லவில்லை, போல்ட்தான் பொய் சொன்னது.

போல்ட் ஏன் பொய் சொன்னது? நீங்கள் ஆகா ஓகோ என்று புகழ்ந்த அந்த நீல நிறப் பெயிண்ட்! மூன்று கோட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறேன். பெயிண்டுக்கு அடியில் இரும்பு எங்கே தொடும்? உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கியதோடு, ஃபேனின் எர்த்தைத் தடித்த வயரில் நேராகப் பேட்டரி மைனஸுக்கும், சென்சாரின் எர்த்தைத் தனியாகக் கருவியின் எர்த் முனைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

நேற்று மாலை ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையின் முன்னே நாற்பது நிமிடம் வண்டியை நிறுத்தியபடியே ஓடவிட்டேன். 95இல் ஃபேன் ஓடியது, 90இல் நின்றது, திரையில் ஒரு எண்கூடத் துள்ளவில்லை. அந்த நாற்பது நிமிடத்தையும் வெட்டாமல் அப்படியே போட ஆசைதான். நீங்கள் ஓடிவிடுவீர்கள் என்பதால் நான்கு நிமிடமாகச் சுருக்கியிருக்கிறேன்.

ஒன்றை மறந்துவிட்டேன்: பழைய சுவிட்சைக் கழற்றவில்லை. கருவி கைவிட்டால் ரிலேயைக் கையால் இயக்க அது அங்கேயே இருக்கும். இன்னொன்றும் உண்டு. இந்த இணைப்பு சாவியைச் சாராதது என்பதால், சாவியை எடுத்த பிறகும் சூடு இறங்கும்வரை ஃபேன் ஓடும். இதைப் பாட்டாவிடம் இரண்டு முறை விளக்கிவிட்டேன். ஆனாலும் நேற்று நான் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும், "வண்டியை அணைக்காமல் வந்துவிட்டாயே" என்று கட்டிலிலிருந்து எழுந்தார். அவர் வாசலுக்குப் போய்ச் சேரவும் ஃபேன் நின்றது.