கண்ணாடி இல்லாத வீடு

அன்பான சகோதர சகோதரிகளே,

இந்தக் கூட்டத்தில் பேச எனக்குத் தரப்பட்ட பொருள் ‘சாட்சியுள்ள வாழ்க்கை’. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காணும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்கிறார் ஆண்டவர். அடுத்த அதிகாரத்திலேயே, வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்கிறார். இரண்டும் ஒரே மலைப்பிரசங்கத்தில் வருகின்றன. அப்படியானால் நாலுபேர் பார்க்கச் செய்வதா, மறைவாகச் செய்வதா? வாலிப வயதில் இந்தக் கேள்வி என்னை வெகுநாள் அலைக்கழித்தது. கொல்லிமலையில் வாழ்ந்த ஒரு தம்பதியின் வரலாற்றைப் படித்த பிறகுதான் எனக்குள் தெளிவு பிறந்தது. இன்று அவர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கணவர் ஜெஸ்ஸி பிராண்ட், மனைவி எவலின் பிராண்ட். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரிகள். 1913இல் திருமணம் செய்துகொண்டு கொல்லிமலையில் குடியேறினார்கள். இன்று நாமக்கல் பக்கமிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸிலேயே மேலே போய்விடலாம். அன்று அந்தச் சாலை கிடையாது. மலேரியாவுக்குப் பெயர்போன மலை. கீழ்நாட்டுக்காரர்களே இரவு தங்க அஞ்சிய இடம். மணப்பெண்ணை டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஜெஸ்ஸி முழுமையாகப் படித்த டாக்டர் அல்லர். கட்டட வேலை தெரிந்தவர்; அதனுடன் வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு பயின்றிருந்தார். அவரைத் தேடி வந்தவர்களில் நரம்புச் சிலந்திப் புழுவால் வாடியவர்கள் பலர். இளையவர்களுக்கு அந்த நோயின் பெயரே தெரியாது. அது நம் நாட்டை விட்டு ஒழிந்துவிட்டதாக 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அசுத்தமான தண்ணீரோடு உடலுக்குள் போகும் புழு, ஏறத்தாழ ஒரு வருடம் உள்ளேயே வளர்ந்து, நூல்போல இரண்டு மூன்று அடி நீண்டு, காலில் கொப்புளமாக வெடித்து வெளியே வரும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே மிஞ்சியது அழுகிச் சீழ்பிடிக்கும். ஆகவே புழுவின் நுனியை ஒரு சிறு குச்சியில் சுற்றிக் கட்டி, இன்று இரண்டு விரற்கடை, நாளை இரண்டு விரற்கடை என்று பொறுமையாகச் சுற்றிக்கொண்டே வரவேண்டும். வாரக்கணக்கில் ஆகும். சீழ் வடியும் காலை மடியில் வைத்துக்கொண்டு தன் தகப்பனார் குச்சியைச் சுற்றும் காட்சி, மகன் பால் பிராண்டின் நினைவில் கடைசிவரை நின்றது. நோயாளி படிக்கிணற்றில் கால் நனைப்பதால்தான் அடுத்தவருக்கும் நோய் பரவுகிறது என்று கண்ட ஜெஸ்ஸி, யாரும் உள்ளே இறங்க முடியாதபடி கிணறுகளுக்குச் சுவர் எழுப்பச் சொல்லிக் கொடுத்தார்.

இப்படியே வருடங்கள் ஓடின. மலைமக்கள் மருந்து வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள், தச்சு வேலை கற்றார்கள். ஆனால் பிராண்ட் தம்பதியர் சொன்ன விசுவாசத்தை ஒருவர்கூட ஏற்கவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் எதிர்ப்பில் முன்நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தம் மக்களின் தெய்வத்தையும் வழக்கத்தையும் காக்கவேண்டியவர் அவர். எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரரை அவர் ஏன் நம்பவேண்டும்?

அந்தப் பூசாரியின் வீட்டில் கொள்ளைக் காய்ச்சல் புகுந்தது. தொற்றிக்கொள்ளும் என்று பயந்து உற்றார் உறவினர் ஒதுங்கிக்கொண்டார்கள். பிராண்ட் தம்பதியர் அந்த வீட்டுக்குள் போனார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், அருகிலிருந்து கவனித்தார்கள். பிழைக்க வைக்க முடியவில்லை. சாகும் தறுவாயில் பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். கைக்குழந்தையான மகளுக்கு அவர்கள் ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள்.

இந்த இடத்தை எப்போது படித்தாலும் நான் சற்று நிறுத்திவிடுவேன். பெற்ற பிள்ளையை யாரிடம் கொடுப்போம்? பேச்சில் மயங்கி யாரும் பிள்ளையைக் கொடுப்பதில்லை. இத்தனை வருடங்களாக அந்தப் பூசாரி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எதிர்ப்பவரின் கண்ணைவிடக் கூர்மையான கண் ஏது? குச்சியில் புழுவைச் சுற்றிக்கொண்டிருந்த ஜெஸ்ஸிக்கு, வேலிக்கு அப்பால் யார் நின்று பார்க்கிறார் என்று திரும்பிப் பார்க்க நேரம் இருந்திருக்காது. வலது கை, இடது கை என்று ஆண்டவர் சொன்னது எனக்கு அங்கேதான் விளங்கியது.

1929இல், மலேரியா முற்றுவதால் வரும் கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. அவருக்கு வயது நாற்பத்துநான்கு. இரண்டு பிள்ளைகளும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். எவலின் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தார். அறுபத்தெட்டு வயதில் ஊழியச் சங்கம் ஓய்வு கொடுத்தபோது, சங்கத்தின் ஊழியராக இல்லாமல், தாமாகவே மலை ஏறினார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக்குதிரையில் ஏறி இறங்கினார். விழுந்தார், எலும்பு முறிந்தது, மறுபடியும் ஏறினார். மகன் பால் பிராண்ட் அதற்குள் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றிருந்தார். தாயைக் கீழே வந்துவிடும்படி அவர் கெஞ்சியும் அந்த அம்மாள் கேட்கவில்லை. இளமையில் ஓவியம் பயின்று, அழகை அவ்வளவு நேசித்த அந்தப் பெண்மணி, கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை.

இனி நம்மைப் பற்றிச் சொல்லவேண்டும். மனதில் பாரத்தோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் தமிழ்நாட்டில், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் இந்தச் சாதி, அந்தப் பக்கம் அந்தச் சாதி என்று பிரித்துப் புதைத்த ஊர்கள் இருக்கின்றன. ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்கள், மண்ணுக்குள் போகும்போது பக்கத்தில் படுக்கச் சம்மதிக்கவில்லை. அந்தச் சுவர் தெருவில் போகிற எல்லார் கண்ணிலும் படுகிறது. பண்டிகைக்கு நாம் வீட்டில் கட்டும் நட்சத்திரமும் படுகிறது. எதை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று எண்ணுகிறீர்கள்? என் வீட்டுக்கு எதிரே குடியிருப்பவர் ஒருநாளும் நம் ஆராதனைக்கு வந்ததில்லை. ஆனால் என் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு நான் எந்த டம்ளரில் காப்பி கொடுக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். சொந்த அண்ணனோடு நான் சொத்துக்காகப் பேசாமல் இருந்த மூன்று வருடங்களும் அவருக்குத் தெரியும். அந்த மூன்று வருடங்களில் ஒரு ஞாயிறுகூட நான் ஆராதனைக்குப் போகத் தவறியதில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மனந்திரும்பி நானாகவே அண்ணன் வீட்டுப் படியேறிய அன்று, அண்ணி ஒன்றும் கேட்காமல் முதலில் எனக்கு இலை போட்டார்கள்.

எவலின் அம்மையார் 1974 டிசம்பரில் இறந்தார். வயது தொண்ணூற்றைந்து. தமக்கு மரப்பெட்டி வேண்டாம் என்பது அவர் விருப்பம். உடலை மலைக்கே கொண்டுபோனார்கள். வெறும் பருத்தித் துணியில் சுற்றி, மலைவாசிகள் சேர்ந்து, நாற்பத்தைந்து வருடங்களாகக் காத்திருந்த ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை மண்ணில் இறக்கினார்கள்.